கொம்பு வண்டா, கூன்வண்டா? தென்னந்தோப்புல முதல்ல எதுக்கு செலவு பண்றது

பேராவூரணி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ரெண்டு ஏக்கர் தோப்பு, நூத்தி நாப்பது மரம், கையில இருக்குற காசுக்கு ஒரு வண்டுக்குத்தான் பொறி வாங்க முடியும், காண்டாமிருக வண்டுக்கு (கொம்பு வண்டுன்னு சொல்றதும் இதைத்தான்) வாங்கவா இல்ல செவப்பு கூன்வண்டுக்கு வாங்கவா அண்ணேன்னு. இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தர் கடைக்காரர் சொன்னாருன்னு ரெண்டு பொறியையும் ஒரே மரத்துல கட்டி வச்சிருக்கார், இன்னொருத்தர் எதுவும் வேணாம் மருந்து மட்டும் போதும்னு இருக்கார். அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதிடுறேன். இது வெறும் பொறி விஷயம் இல்ல, இந்த ரெண்டு வண்டும் எங்க பொறக்குது, என்ன திங்குது, இயற்கையில அதோட வேலை என்னன்னு புரிஞ்சாத்தான் காசை எங்க போடணும்னு புரியும்.

எதை வச்சு எடை போடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம். ஒண்ணு, அது மரத்தையே சாய்க்குமா இல்ல காயை மட்டும் குறைக்குமா. ரெண்டு, அது பொறக்குற இடம் நம்ம கைக்கு எட்டுமா எட்டாதா, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா பொறக்குற இடத்துல அடிச்சா கால்வாசி செலவுல முடியும். மூணு, அது வந்திருக்குன்னு நமக்கு எப்ப தெரியுது, அப்ப தெரிஞ்சு காப்பாத்த முடியுமா. நாலு, காசும் ஆளும் எவ்ளோ வேணும், இதுல மரம் ஏறுற கூலியையும் சேத்துக்கணும், பல பேர் அதை கணக்குலயே சேக்குறது இல்ல. அஞ்சு, பக்கத்துத் தோப்புக்காரர் ஒண்ணும் செய்யலைன்னா நம்ம செஞ்சதுக்கு பலன் இருக்குமா.

முதல்ல ரெண்டையும் அடையாளம் தெரிஞ்சுக்கோங்க

காண்டாமிருக வண்டு கருப்பு, பளபளன்னு இருக்கும், கட்டைவிரல் அளவு, தலையில ஒத்தக் கொம்பு. ஆணுக்கு கொம்பு நீளம், பொண்ணுக்கு குட்டை, பொண்ணை இன்னும் சரியா கண்டுபிடிக்கணும்னா பின்பக்கம் பாருங்க, செம்பட்டை நிறத்துல ரோமம் கொத்தா இருக்கும். ராத்திரி பறக்குற வண்டு, லைட்டுக்கு வந்து சுவத்துல டம்முனு மோதும். கூன்வண்டு துரு நிறம், நெஞ்சு மேல கருப்புப் புள்ளி, யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச மூக்கு. இதுல ரோமம் ஆணுக்குத்தான், மூக்கு மேல பிரஷ் மாதிரி நிக்கும். இது பெரும்பாலும் பகல்லதான் நடமாடும்.

புழுதான் பெரிய வித்தியாசம். காண்டாமிருக வண்டோட புழு எருக்குழியில கிடைக்கும், வளைஞ்சு ஆங்கில எழுத்து ‘சி’ மாதிரி படுத்திருக்கும், அழுக்கு வெள்ளை, பிரவுன் தலை, மூணு ஜோடி கால் இருக்கும். கூன்வண்டு புழுவுக்கு காலே கிடையாது, நடுவுல தடிச்சு மஞ்ச கலந்த வெள்ளையா இருக்கும், அது மரத்துக்குள்ளதான் இருக்கும், எருவுல உங்களுக்கு கிடைக்கவே கிடைக்காது.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எருக்குழியில இருக்குற வெள்ளைப் புழு எல்லாமே காண்டாமிருக வண்டு இல்ல. பூ வண்டு இனத்தோட புழுவும் அதே குழியில இருக்கும், அது தென்னைக்கு ஒரு கெடுதலும் செய்யாது, சாணத்தை நல்ல எருவா மாத்திக் கொடுக்குற புழு. சந்தேகமா இருந்தா ரெண்டை எடுத்து சமமான தரையில விடுங்க. முதுகைத் தரையில வச்சு மல்லாக்க படுத்து, காலெல்லாம் மேல தூக்கிக்கிட்டு, உடம்பை நெளிச்சு நெளிச்சு நேரா ஊர்ந்து போச்சுன்னா அது பூ வண்டு, திரும்ப குழியிலயே போட்டுடுங்க. ஒருக்களிச்சு வளைஞ்சு கிடந்து, நகர கஷ்டப்பட்டுச்சுன்னா அது நம்ம ஆளு. எங்க வீட்ல பசங்களுக்கு இதைக் கத்துக் கொடுத்தப்புறம் குழி கிளறுற அன்னைக்கு அவங்களே தரம் பிரிச்சுடுறாங்க.

காண்டாமிருக வண்டு

இதோட இயற்கை வேலையை முதல்ல சொல்லிடுறேன். புழு பச்சை மரத்தைத் தொடவே தொடாது. விழுந்து மக்குன தென்னங்கட்டை, பனங்கட்டை, சாணக்குவியல், மரத்தூள், இதுதான் அதுக்கு சோறு. மரக்கட்டையில இருக்குற நாரை அதோட குடல்ல இருக்குற நுண்ணுயிர் உடைச்சுக் கொடுக்கும், அது தின்னுட்டு போடுறது மண்ணுக்கு உரம். காட்டுல ஒரு பனை விழுந்தா அதை மண்ணாக்குற கூட்டத்துல இதுக்குப் பெரிய பங்கு. கெடுதல் பண்றது வளந்த வண்டு மட்டும்தான், அது குருத்தைக் குடைஞ்சு சாறு குடிக்க வருது.

முட்டையில இருந்து வண்டா வெளிய வர சுமாரா அஞ்சாறு மாசம், அதுல பெரும்பகுதி புழுவா எருக்குழியிலதான் கழிக்குது. அப்ப யோசிச்சுப் பாருங்க, வருஷத்துல பாதி நாள் அது நம்ம காலடியில, நம்ம வீட்டு மாட்டுச் சாணத்துல, மம்பட்டிக்கு எட்டுற இடத்துல கிடக்கு. வண்டா ஆகி அறுபது அடி உயரத்துல குருத்துக்குள்ள போனப்புறம் கொக்கி எடுத்துக்கிட்டு ஆளை ஏத்துறோம்.

அது கடிச்சதை எப்ப பாக்குறோம்னு ஒரு கணக்கு இருக்கு. குருத்துக்குள்ள ஓலை சுருண்டு மடிஞ்சு இருக்கும்போது வண்டு குறுக்க ஓட்டை போடுது, அந்த ஓலை விரிஞ்சு வந்தப்புறம்தான் கத்திரிக்கோல்ல வெட்டுன மாதிரி முக்கோண வெட்டு தெரியும், பேப்பரை மடிச்சு ஒரு வெட்டு வெட்டிப் பிரிச்சா நிறைய வெட்டா தெரியுமே அதே மாதிரி. தென்னை மாசத்துக்கு சுமாரா ஒரு மட்டை விடுது. அதனால கொண்டையில மேல இருந்து மட்டையை எண்ணிக்கிட்டே வாங்க, அஞ்சாவது மட்டையில வெட்டு இருந்தா அந்த மட்டை விரிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு, கடிச்சது அதுக்கும் முன்னாடி. மேல இருக்குற மூணு நாலு மட்டை சுத்தமா இருந்து கீழ மட்டும் வெட்டு இருந்தா பழைய காயம், பயப்பட வேணாம். மேல இருக்குற மட்டையில வெட்டு இருந்தா, இல்ல குருத்து அடியில மென்னு துப்புன நார் வெளிய தள்ளிக்கிட்டு இருந்தா வண்டு இப்ப உள்ள இருக்கு. எந்த மரத்துக்கு ஆளை ஏத்தணும்னு தரையில நின்னே முடிவு பண்ணலாம், ஏத்துக்கூலியில பாதி மிச்சம்.

நஷ்டம்னு பாத்தா வளந்த மரத்தை இது சாதாரணமா சாகடிக்காது. ஓலைப் பரப்பு குறையும், விரியாத பாளையையும் குடைஞ்சுடும், காய்ப்பு சுமார் பத்து சதவீதம் குறையும்னு ஆராய்ச்சி நிலையங்கள்ல சொல்ற கணக்கு. ஆனா நட்டு ரெண்டு மூணு வருஷம் ஆன பிள்ளைக்கு இது எமன். தண்டு சின்னது, குடைஞ்சுக்கிட்டு போனா வளர்ற நுனிக்கே போயிடும், பிள்ளை அதோட முடிஞ்சது. அதோட அது போட்ட ஓட்டை வழியா குருத்தழுகல் பூஞ்சையும் வரும், கூன்வண்டும் வரும். இதைக் கீழ இன்னும் சொல்றேன்.

செலவு கம்மியான வழிகள் இதுக்கு நிறைய இருக்கு. எருக்குழியை ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கிளறிப் புழுவை எடுக்குறது, கோழியை விட்டா அதுவே பாதி பொறுக்கிடும். குழியில மெட்டாரைசியம் பூஞ்சை கலந்து விடுறது. இது தாக்குன புழுவை நான் முதல்தடவை பாத்தப்ப அசந்துட்டேன், விறைச்சுப் போயி, உடம்பு பூரா பச்சைப் பாசி படிஞ்ச மாதிரி, உடைச்சா சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடையுது. ஈரம் இருந்தா அந்தப் பூஞ்சை குழிக்குள்ள தானா பரவிக்கும், அதனால மழை சீசன்ல விடுறதுதான் சரி. மரத்துல நடு மட்டை மூணோட இடுக்குல வேப்பம் பிண்ணாக்குத் தூள் கால் கிலோவோட அதே அளவு மணல் கலந்து போடுறது, வருஷத்துக்கு மூணு தடவை. சின்ன மரத்துக்கு அந்துருண்டை மூணு வச்சு மேல மணல் போடலாம், 45 நாளைக்கு ஒருக்கா மாத்தணும். ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை அஞ்சு லிட்டர் தண்ணியில ஊறவச்சு மண்பானையில அங்கங்க வச்சா அந்த வாடைக்கு வண்டு வந்து விழும், பழைய காலத்து வழி, இன்னைக்கும் வேலை செய்யுது. சிலர் மீன் வலையை குருத்தைச் சுத்திக் கட்டுறாங்க, வண்டு மாட்டும் உண்மைதான், ஆனா அணிலும் சின்னப் பறவையும் மாட்டிச் சாகும், கட்டுனா அடிக்கடி போய் பாக்குற மாதிரி இருந்தா மட்டும் கட்டுங்க.

இதுக்கு இயற்கையிலயே எதிரி பலமா இருக்குங்கறதுதான் நமக்குக் கிடைச்ச வரம். 1909ல இந்த வண்டு சமோவா தீவுக்குப் போச்சு, இலங்கையில இருந்து ரப்பர் நாத்து அனுப்புனப்ப அதோட போயிருக்கும்னு சொல்றாங்க. அங்க இதோட எதிரி எதுவும் இல்ல, தென்னையை நம்பி வாழ்ற தீவுகள்ல ஒண்ணொண்ணா பரவி பெரிய நாசம். அப்புறம் 1963ல அலாய்ஸ் ஹூகர்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி மலேசியாவுல இந்த வண்டோட புழுவுல ஒரு வைரஸ் இருக்குறதைக் கண்டுபிடிச்சார், 1967ல அதை சமோவாவுல விட்டாங்க, வண்டு கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு குறைஞ்சுது. வைரஸ் பிடிச்ச வண்டு உடனே சாகாது, அங்க இங்க பறந்து மத்ததுக்கும் குழிக்கும் பரப்பிட்டுத்தான் சாகும், அதுலதான் அதோட பலமே. நம்ம பக்கத்துல லட்சத்தீவு மினிக்காய்லயும் விட்டு நல்ல பலன் கிடைச்சுது. இதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு, 2007ல குவாம் தீவுல வந்திருக்குற வகையை அந்த வைரஸ் அவ்வளவா ஒண்ணும் பண்ணலை. அதனால ஒரே ஆயுதத்தை நம்பி உக்காரக் கூடாது.

செவப்பு கூன்வண்டு

இதுக்கும் இயற்கையில ஒரு வேலை இருக்கு. அடிபட்ட, நோவுற, சாகப்போற பனை இனத்து மரத்தோட சாறு புளிச்சு ஒரு வாடை வரும், அந்த வாடையை மோப்பம் பிடிச்சு வந்து முட்டை போட்டு மரத்தை உள்ளுக்குள்ளயே அரைச்சுக் கூழாக்கி சாய்க்கும். காட்டுல அது சாகப்போற மரத்தை சீக்கிரம் மண்ணுக்கு அனுப்புற வேலை. போர்னியோ தீவுல சபா, சரவாக் பக்கம் சேகோ மரத்துல இந்தப் புழுவை வேணும்னே வளர விட்டு எடுத்து சாப்பிடுவாங்க, அங்க அது கொழுப்புச் சத்து நிறைஞ்ச சாப்பாடு. பிரச்சனை என்னன்னா நம்ம தோப்புல காயம் பட்ட நல்ல மரத்தையும் அது சாகப்போற மரம்னுதான் எடுத்துக்குது. காயத்தைப் போடுறது பாதி நேரம் நாமதான்.

பொண்ணு வண்டு இருநூறு முன்னூறு முட்டை வரைக்கும் போடும், காயத்துலயும் இடுக்குலயும் ஒண்ணொண்ணா சொருகி வைக்கும். மூணு அஞ்சு நாள்ல பொரிஞ்சு புழு உள்ள போயிடும், அதுக்கப்புறம் திங்குறது, கூடு கட்டுறது, வண்டா ஆகுறது எல்லாமே மரத்துக்குள்ள. கூட்டைக்கூட மரத்து நாரையே சுத்தி முறுக்கிக் கட்டும், பிரிச்சுப் பாத்தா கயிறு திரிச்ச மாதிரி இருக்கும். வெளிய வர்ற வண்டு அதே மரத்துலயே திரும்ப முட்டை போடலாம், அப்படி ரெண்டு மூணு தலைமுறை ஒரே மரத்துல ஓடிட்டு, ஒரு நாள் காத்து கூட இல்லாம கொண்டை சாயும்.

அடையாளம் இருக்கத்தான் செய்யுது, பாக்கத்தான் ஆள் இல்ல. தண்டுல சின்ன ஓட்டை, அதுல இருந்து பிரவுன் நிறத்துல பிசுபிசுன்னு சாறு வடிஞ்சு காஞ்சிருக்கும், மென்ன நார் தள்ளியிருக்கும், புளிச்ச வாடை வரும். விடியக்காலையில சத்தம் அடங்குன நேரத்துல தண்டுல காதை வச்சுக் கேட்டா கறுக் கறுக்னு மெல்லுற சத்தம் கேக்கும். நான் சும்மா சொல்லல, எங்க தோப்புல எட்டு வருஷ மரம் ஒண்ணுல நான் கேட்டிருக்கேன், ஈரத் துணியைப் பிழியிற மாதிரி நடுவுல ஒரு சத்தம், அப்புறம் திரும்ப கறுக் கறுக். மரம் வெளிய பாக்க பச்சைப்பசேல்னு நின்னுச்சு, நாலு குலை காய் வேற தொங்குது. நடு மட்டை வாடித் தொங்க ஆரம்பிச்சப்புறம்தான் பல பேர் பாக்குறாங்க, அப்ப வளர்ற நுனி போயிருக்கும், அதுக்கு மேல எந்த மருந்தும் பிரயோஜனம் இல்ல.

அஞ்சு வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும் உள்ள மரம்தான் இதுக்கு அதிகமா மாட்டுது. நல்லா காய்க்க ஆரம்பிச்ச வயசு. ஒரு மரம் போனா அந்த இடத்துல பிள்ளை வச்சு திரும்ப காய் பாக்க அத்தனை வருஷம் ஆகும், அதனால பத்து சதவீதம் காய் நஷ்டத்தையும் இதையும் ஒரே தட்டுல வைக்க முடியாது.

காசு செலவில்லாம செய்யக்கூடியது ஒண்ணுதான், காயம் போடாதீங்க. பச்சை மட்டையை வெட்டாதீங்க, வெட்டியே ஆகணும்னா தண்டுல இருந்து நாலு அடி விட்டு வெட்டுங்க, ஒட்ட வெட்டுனா அந்த வெட்டு வாய் வழியா தண்டுக்கே போயிடும். மரம் ஏறுறதுக்கு படி வெட்டாதீங்க. டிராக்டர் உழவு ஓட்டும்போது தூர்ல இடிக்காம பாத்துக்கோங்க. காயம் ஆயிட்டா அன்னைக்கே தார் பூசுங்க. ஆரம்பத்துலயே பிடிச்சா ஓட்டையை சுத்தம் பண்ணி, கீழ இருக்குற ஓட்டையெல்லாம் அடைச்சு, மேல் ஓட்டை வழியா புனல் வச்சு மருந்து ஊத்தி அதையும் சிமெண்ட் வச்சோ களிமண் வச்சோ மூடணும். இமிடாகுளோப்ரிட்ங்கற பூச்சி மருந்து, லிட்டர் தண்ணிக்கு 1 மில்லிங்கறது காசர்கோடு மத்திய ஆராய்ச்சி நிலையம் சொல்ற அளவு. மருந்து விஷயத்துல சட்டமும் சிபாரிசும் மாறிக்கிட்டே இருக்கு, ஊத்துறதுக்கு முன்னாடி வேப்பங்குளம் இல்ல ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வேர் வழியா மருந்து ஏத்துனா 45 நாளைக்கு அந்த மரத்துக் காயைத் தொடக் கூடாது, இளநிக்கு விடுற மரமா இருந்தா இதுவே ஒரு பெரிய செலவு, இதை விக்கிறவர் சொல்ல மாட்டார்.

மரத்துக்குள்ள ஒளிஞ்சு இருக்குறதால காண்டாமிருக வண்டுக்கு இருக்குற மாதிரி பூஞ்சை, வைரஸ்னு நம்பகமான துணை இதுக்கு இல்ல. உலகம் பூரா இதுக்கு இன்னமும் திணறுறாங்க. 1980கள்ல வளைகுடா நாடுகள்ல பேரீச்சைக்குப் போச்சு, 90கள்ல எகிப்து, ஸ்பெயின், அப்புறம் மத்தியதரைக்கடல் ஓரம் பூரா. அது பறந்தே போகல, புழு இருக்குற கன்னையும் அலங்கார மரத்தையும் லாரியிலயும் கப்பல்லயும் மனுஷன்தான் கொண்டு போனான். 2017ல ரோம்ல ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு இந்த ஒரு வண்டுக்குன்னே நாடுகளைக் கூப்பிட்டு கூட்டம் போடுற அளவுக்கு ஆச்சு.

பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா

| எதைப் பாக்குறோம் | காண்டாமிருக வண்டு | செவப்பு கூன்வண்டு |
|---|---|---|
| கெடுக்குறது யாரு | வளந்த வண்டு | புழு |
| பொறக்குற இடம் | எருக்குழி, மக்குன கட்டை | உயிரோட இருக்குற மரத்துக்குள்ள |
| மரம் சாகுமா | பிள்ளை சாகும், பெரிய மரம் தாங்கும் | கவனிக்கலைன்னா சாகும் |
| எப்ப தெரியும் | ஓலை விரிஞ்சதும், தரையில இருந்தே | பெரும்பாலும் லேட்டா |
| முக்கியமான செலவு | உழைப்பு, ஏத்துக்கூலி | கண்காணிப்பு, மருந்து, போன மரம் |
| இயற்கை எதிரி | பூஞ்சை, வைரஸ், கோழி | நம்பி உக்கார்ற மாதிரி இல்ல |
| பக்கத்துத் தோப்பு ஒத்துழைக்கலைன்னா | பாதி பலன் | நம்ம மரத்துல காயம் இல்லைன்னா ஓரளவு தப்பலாம் |

பொறி வாங்குறதுக்கு முன்னாடி

ரெண்டுக்குமே இனக்கவர்ச்சிப் பொறி இருக்கு. ரெண்டுலயும் ஆண் வண்டு விடுற வாசனையைத்தான் செயற்கையா செஞ்சு பாக்கெட்ல அடைச்சிருக்காங்க, அதுக்கு ஆணும் வரும் பொண்ணும் வரும். கூன்வண்டோடதை 1993லயும் காண்டாமிருக வண்டோடதை 1995லயும் கண்டுபிடிச்சாங்க. ஒரு வண்டோட பாக்கெட்டுக்கு இன்னொண்ணு வராது, கடையில பேர் பாத்து வாங்குங்க. அஞ்சு ஏக்கருக்கு ஒரு பொறி போதும்னுதான் சிபாரிசு, ரெண்டு ஏக்கருக்கு நாலு பொறி வாங்க வேண்டிய தேவையே இல்ல.

மறைஞ்சிருக்குற செலவு இதுலதான் இருக்கு. கூன்வண்டு பொறிக்கு பாக்கெட் மட்டும் பத்தாது, உள்ள கரும்புத் துண்டோ பச்சை மட்டைத் துண்டோ வெல்லத் தண்ணியோ புளிக்கிற மாதிரி ஏதாவது இருக்கணும், அதை வாரா வாரம் மாத்தணும், தண்ணி வத்தாம பாத்துக்கணும். மாத்தலைன்னா வண்டு வாடைக்கு தோப்பு வரைக்கும் வரும், பொறிக்குள்ள விழாம பக்கத்து மரத்துல உக்காரும். அதாவது காசு கொடுத்து வண்டைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற மாதிரி ஆயிடும். இளம் மரத்துக்கு நடுவுலயோ அதுலயோ கட்டவே கூடாது, தோப்பு ஓரத்துல தனியா கம்பு நட்டு கட்டுங்க. நான் மேல சொன்ன ரெண்டு பொறியையும் ஒரே மரத்துல கட்டுனவர் அன்னைக்கே கழட்டிட்டார், நல்ல வேளை. காண்டாமிருக வண்டு பொறிக்கு இந்த வாராந்திர வேலை கம்மி, ஆனா எருக்குழியை அப்படியே விட்டுட்டு பொறி மட்டும் வச்சா கீழ ஊத்து ஊறிக்கிட்டே இருக்கும்போது மேல தண்ணி இறைக்கிற கதைதான்.

ஊரே சேந்து வச்சா ரெண்டு பொறியுமே நல்லா வேலை செய்யும். தனியா ஒருத்தர் வச்சா பக்கத்து வண்டும் நம்மகிட்ட வரும்.

அப்ப எந்தத் தோப்புக்கு எது முதல்ல

நட்டு அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்குற பிள்ளைத் தோப்புன்னா கண்ணை மூடிக்கிட்டு காண்டாமிருக வண்டுதான். கூன்வண்டு பொறி அங்க இருக்கவே கூடாது.

அஞ்சுல இருந்து இருபது வருஷத் தோப்பு, பக்கத்துல ஏற்கனவே ஒரு மரம் கொண்டை சாஞ்சிருக்குன்னா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு கூன்வண்டைப் பாருங்க. அந்த வாரமே எல்லா மரத்தையும் தூர்ல இருந்து கண்ணு எட்டுற வரைக்கும் சுத்திப் பாத்து, சந்தேகப்படுற மரத்துல காதை வச்சுக் கேளுங்க. இதுக்கு காசு வேணாம், ரெண்டு காலை நேரம் வேணும்.

மாட்டுப் பண்ணையோ பெரிய குப்பைமேடோ பக்கத்துல இருந்தா காண்டாமிருக வண்டு உங்களை விடாது, அங்க பொறியும் குழியில பூஞ்சையும் ரெண்டும் வேணும், பண்ணைக்காரர்கிட்ட பேசி அவர் குழியிலயும் பூஞ்சை போட வைக்கிறது உங்க தோப்புல பத்துப் பொறி வைக்கிறதுக்கு சமம். வீட்டைச் சுத்தி நாலஞ்சு மரம் மட்டும் வச்சிருக்கவங்களுக்கு எந்தப் பொறியும் வேணாம், மட்டை இடுக்குல வேப்பம் பிண்ணாக்கு மணல், காயம் படாம பாத்துக்கிறது, இது போதும்.

புயல் அடிச்ச பகுதின்னா அது தனிக் கதை. கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலையில வந்துச்சு, எங்க தோப்புல பாதிக்கு மேல தரையில படுத்துடுச்சு. கட்டையை வாங்க ஆள் இல்ல, வெட்டி அள்ள கூலி கொடுக்க காசும் இல்ல, ஓரமா உருட்டி வரப்பு மேல அடுக்கி வச்சோம். அப்படியே ரெண்டு வருஷம் கிடந்துச்சு. அதுக்குள்ள புதுப் பிள்ளை வச்சாச்சு. மூணாவது வருஷம் பிள்ளையில எல்லாம் குருத்துல வெட்டு, சரி எங்க இருந்து வருதுன்னு ஒரு கட்டையை கடப்பாறை போட்டுப் புரட்டுனோம். அடிப்பக்கம் கட்டையே இல்ல, ஈரமான காபித்தூள் மாதிரி நொறுங்கிக் கிடக்கு, அதுக்குள்ள கையை விட்டா புழு, ஒரு கட்டையில மட்டும் ஒரு சட்டி நிறைய. பதினோரு பிள்ளை போச்சு. புயல்ல தப்பிச்சு நின்ன நடுத்தர மரத்துலயும் கொம்பு வண்டு ஓட்டை போட்டிருந்துச்சு, நான் காதை வச்சுக் கேட்டேன்னு சொன்ன எட்டு வருஷ மரம் அதுல ஒண்ணு, குருத்துப் பக்கத்துல பழைய கொம்பு வண்டு ஓட்டை இருந்துச்சு, அதுக்குக் கீழதான் கூன்வண்டு சாறு வடிஞ்சிருந்துச்சு.

இதனாலதான் ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னு கேக்குறவங்களுக்கு நான் காண்டாமிருக வண்டுன்னு சொல்றேன். சாகடிக்கிறது கூன்வண்டுதான், ஆனா கதவைத் திறந்து விடுறது கொம்பு வண்டு. கொம்பு வண்டுக்கு செய்யிற ஒவ்வொரு வேலையும் கூன்வண்டுக்கும் ஒரு தடுப்பு, கூன்வண்டுக்கு வைக்கிற பொறி கொம்பு வண்டை ஒண்ணும் பண்ணாது. ஒரே ஒரு விதிவிலக்கு, கூன்வண்டு ஏற்கனவே தோப்புக்குள்ள வந்துடுச்சுன்னா முதல்ல அது.

பேராவூரணி தம்பிக்கு: உங்க மரத்துக்கு வயசு பன்னெண்டுன்னு சொல்லியிருந்தீங்க, கொண்டை சாஞ்ச மரம் ஒண்ணும் இல்லைன்னும் சொன்னீங்க, போட்டோவுல மேல் மட்டையிலயே வெட்டு தெரியுது. பொறி ஒண்ணு வாங்குறதா இருந்தா காண்டாமிருக வண்டுக்கு வாங்கி மேற்கு ஓரத்துல கட்டுங்க, ஆனா அதை வாங்குறதுக்கு முன்னாடி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி இருக்குன்னு சொன்ன எருக்குழியை அடி வரைக்கும் கிளறுங்க, புழு அடியிலதான் கிடக்கும். மாசம் ஒரு தடவை தண்டைச் சுத்திப் பாத்து கேட்டுட்டு வாங்க. பின்னாடி எந்த மரமாவது கூன்வண்டால போச்சுன்னா அதை விறகுக்கு விக்காதீங்க, வெட்டிப் பிளந்து புழு, கூடு எல்லாம் தெரியுற மாதிரி விரிச்சு அங்கயே எரிச்சுடுங்க, முழுசா லாரியில ஏத்துனா அது போற ஊருக்கும் வண்டு போயிடும்.